படிப்போர் எழுதுகோல் ஏந்திய காலம்

எழுதுவோர் சிலர், படிப்போர் பலர். அச்சுப்பொறி வழக்கத்திற்கு வந்த நாள் தொட்டு இவ்விரு கூட்டத்தாரும் வேறு வேறாகவே நின்றனர். எழுத்தாளர் எழுதினார், இதழாசிரியர் தேர்ந்தெடுத்தார், அச்சகத்தார் அச்சிட்டனர், படிப்பவர் காசு கொடுத்து வாங்கிப் படித்தார். படித்தவருக்குச் சொல்ல ஏதேனும் இருந்தால், அஞ்சல்தலை ஒட்டி ஆசிரியருக்கு ஒரு கடிதம் விடுக்கலாம். அது வெளிவருவதும் வராமற் போவதும் ஆசிரியரின் விருப்பம்.

இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இணையம் இந்த வேலியைப் பிடுங்கி எறிந்தது. பக்கத்தைப் படிப்பவரே அதே பக்கத்தில் எழுதவும் வழி பிறந்தது. இதனால் தமிழ் தழைத்தது என்று போற்றுவாரும் உளர். தமிழ் சீரழிந்தது என்று தூற்றுவாரும் உளர். இரு சாராரும் முதன்மையான ஒன்றை நோக்காமல் விட்டனர். படிப்பவர் எழுதலாமா, கூடாதா என்ற வினா முடிந்துபோன வினா. அவர் எழுதத் தொடங்கி ஆண்டுகள் பல ஆயின. எழுதியதைத் திருத்துவார் உண்டா, திருத்தியது நிலைத்து நிற்குமா என்பவையே இன்று கேட்கத்தக்க வினாக்கள். இவ்விரண்டையும் உரைகல்லாகக் கொண்டு இணையத் தமிழை உரைத்துப் பார்த்தல் வேண்டும். சிறப்பாக, தோட்டங்கள் மறைந்துவரும் கெடா மாநிலத் தமிழருக்கு இவ்வாராய்ச்சி இன்றியமையாதது.

பெயரும் பொருளும்

இம்மாறுதலுக்கு மேலைநாட்டார் இட்ட பெயர் 'வெப் 2.0'. டார்சி டினூச்சி என்பவர் 1999இல் இச்சொல்லை ஆண்டார். 2004 அக்டோபரில் டிம் ஓரைலியின் நிறுவனம் இப்பெயரிலேயே ஒரு மாநாடு நடத்திய பின்னர் இஃது உலகெங்கும் பரவியது. பெயரைக் கேட்போர், பழைய இணையம் ஒழிந்து புதியதொன்று பிறந்தது போலும் என மயங்குவர். உண்மை வேறு. வலையை வகுத்த டிம் பெர்னர்ஸ் லீ 1990இல் அமைத்த முதல் உலாவியிலேயே பக்கங்களைப் படிக்கவும் இயன்றது, எழுதவும் இயன்றது. பின்னர்ப் பரவிய உலாவிகள் படிக்கும் வசதியை வைத்துக்கொண்டு எழுதும் வசதியைக் கைவிட்டன. ஆகவே 2004ஐ ஒட்டி நிகழ்ந்ததை, இழந்த பாதியை மீட்ட செயல் என்பதே பொருந்தும்.

மீட்டது எவ்வாறு? பழைய இணையப்பக்கம் அச்சடித்த தாளை ஒத்தது. அதனை ஒரு கோப்பாக எழுதி, வழங்கி எனப்படும் கணினியில் வைப்பர். கேட்டவர்க்கெல்லாம் அதே கோப்புப் போய்ச் சேரும். புதிய முறையில் பக்கம் முன்கூட்டியே எழுதி வைக்கப்படுவதில்லை. செய்திகள் தரவுத்தளத்தில் தனித்தனியே அடுக்கப்பட்டிருக்கும். ஒருவர் கேட்கும்போது நிரல் ஒன்று அவற்றை எடுத்துக் கோத்துப் பக்கமாக்கித் தரும். படிப்பவர் ஒரு வரி எழுதினால் அதுவும் அத்தரவுத்தளத்தில் சேரும். அடுத்து வருபவர் அவ்வரியையும் காண்பார். பக்கம் முழுவதையும் மறுபடி தருவிக்காமல் வேண்டிய பகுதியை மட்டும் பின்னணியிலேயே பெற்று மாற்றும் உத்தியும் இதனுடன் சேர்ந்தது. 2005இல் ஜெசி ஜேம்ஸ் காரெட் அதற்கு 'அஜாக்ஸ்' என்று பெயரிட்டார். பல தளங்களில் புதிதாக வந்தவற்றை ஓரிடத்தில் கொணர்ந்து காட்டும் செய்தியோடை மூன்றாவது துணை. தமிழ் வலைப்பதிவுகளை ஒன்றுகூட்டிக் காட்டுவதற்குக் காசி ஆறுமுகம் 2004இல் தொடங்கிய 'தமிழ்மணம்' என்னும் திரட்டி இத்துணையால் இயங்கியதே.

தமிழுக்கு இருந்த தடை

ஆங்கிலத்திற்கு இவ்வளவே போதுமாயிருந்தது. தமிழுக்கோ வேறொரு தடை குறுக்கே நின்றது. அது குறியேற்றம். கணினி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். இன்ன எழுத்துக்கு இன்ன எண் என்ற உடன்பாடு இல்லையேல், ஒருவர் எழுதியது மற்றவர் திரையில் பொருளற்ற குறிகளாய்த் தோன்றும். 1990களில் தமிழ்த் தளங்கள் ஒவ்வொன்றும் தத்தம் எழுத்துருவைக் கொண்டிருந்தன. ஒரு நாளேட்டைப் படிக்க ஓர் எழுத்துரு. மற்றொன்றைப் படிக்க வேறோர் எழுத்துரு. படிப்பதற்கே இப்பாடு என்றால், படித்த இடத்திலேயே மறுமொழி எழுதுவது எங்ஙனம்?

இத்தடையை நீக்க உழைத்தோருள் மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்க்குப் பெரும் பங்குண்டு. சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி 1995இல் தமிழை வலையில் ஏற்றினார். மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய 'முரசு' மென்பொருள், பின்னர் 'முரசு அஞ்சல்' என வளர்ந்து, உலகத் தமிழர் பலருக்கு முதல் தட்டச்சுக் கருவியாயிற்று. 1997இல் சிங்கப்பூரிலும், 1999இல் சென்னையிலும், 2001இல் கோலாலம்பூரிலும் தமிழ் இணைய மாநாடுகள் கூடின. 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. எனினும் 2000க்குப் பின் கணினிகளில் அதற்கு ஆதரவு வந்த பிறகே அது வழக்கிற்கு வந்தது. தமிழ்நாட்டரசு 2010இல் அதனை முறையாக ஏற்றது. ஒருங்குறி வந்தபின் எழுத்துருவைத் தேடி அலையும் தொல்லை ஒழிந்தது. தேடுபொறி தமிழைத் தேடிற்று. மறுமொழிப் பெட்டி தமிழை ஏற்றது. தமிழ் வாசகர் எழுத்தாளரானதற்கு அடிப்படை இவ்வெண் உடன்பாடே என்பதை மறத்தலாகாது.

நாளேட்டில் நடந்த வகுப்பு

படிப்போரை எழுதவைக்கும் முயற்சி இணையத்தோடு பிறந்ததன்று. 'தமிழ் நேசன்' நாளேடு 1950இல் சுப. நாராயணன், பைரோஜி நாராயணன் ஆகிய இருவரையும் கொண்டு 'கதை வகுப்பு' நடத்தியது. சிறுகதை எழுதும் முறை பாடமாகவே ஏட்டில் வந்தது, வாசகர் எழுதியனுப்பினர், எழுதியவை மதிப்பிடப்பட்டன. 1952இல் 'தமிழ் முரசு' 'ரசனை வகுப்பு' நடத்தியது. மலாயாவின் எழுத்தாளர் ஒரு தலைமுறையினர் இத்தகைய வகுப்புகளில் உருவாயினர்.

அவ்வகுப்பின் சிறப்பு, வாசகருக்கு இடம் தந்ததோடு நிற்கவில்லை. அவர் எழுதியதைத் தேர்ந்தவர் ஒருவர் படித்து, இது குறை, இது நிறை என்று ஊரறியச் சொன்னார். சொல்லப்பட்டவர் கற்றார், அருகிலிருந்து படித்த ஆயிரம் பேரும் கற்றனர். தமிழ் மரபில் அரங்கேற்றம் என்பதன் பொருளும் இதுவே. அவையோர் தடை எழுப்ப, புலவர் விடை கூற, நூல் நிலைபெறும். தடை எழுப்புவார் இல்லாத அவையில் அரங்கேற்றம் இல்லை.

சுங்கை பட்டாணியிற் கூடிய அவை

இணையத்திலும் இத்தகைய அவை ஒன்று கெடாவிலிருந்தே கூட்டப்பட்டது. சுங்கை பட்டாணியில் வாழ்ந்த மருத்துவர் டாக்டர் எஸ். ஜெயபாரதி, யாகூ நிறுவனம் அளித்த குழு வசதியைக் கொண்டு 'அகத்தியர்' என்னும் மடற்குழுவை நடத்தினார். கடாரத்து வரலாறு, பழந்தமிழ் நூல்கள், சமயம், மருத்துவம் எனப் பல பொருள்களில் அவர் எழுதினார். கடல் கடந்த தமிழர் பலர் அக்குழுவில் வினவினர், விடையிறுத்தனர், மறுத்தனர். தோட்டங்கள் சூழ்ந்த ஒரு சிறு நகரிலிருந்து, பல்கலைக்கழகத் துணையோ அச்சக முதலோ இன்றி, உலகளாவிய ஒரு புலமை அவையைக் கூட்ட இயலும் என்பதற்கு இது சான்று. படிப்போர் எழுதும் இணையத்தின் ஆகச் சிறந்த பயன் இதுவென்றே கூறலாம்.

எனினும் அவை கூடிய மண்டபம் அவையோருக்கு உரியதன்று. யாகூ நிறுவனம் 2019இல் தன் குழுக்களில் சேர்ந்திருந்த மடல்களை அகற்றப்போவதாக அறிவித்தது. 2020 டிசம்பரில் குழுச் சேவையையே மூடிவிட்டது. தமிழ்க் குழுக்கள் பல அதனுடன் மறைந்தன. அகத்தியர் குழுவில் வந்தவற்றுள் ஒரு பகுதியேனும் தனித்தளங்களில் தொகுக்கப்பட்டது, முன்னுணர்ந்து செயற்பட்டவர் இருந்தமையாலேதான். எழுத இடம் கொடுத்தவர் அவ்விடத்தை மூடும் உரிமையும் உடையவர் என்னும் பாடத்தை இதிலிருந்து கற்றல் வேண்டும்.

பாராட்டும் பக்கம்

மடற்குழுக்களும் வலைப்பதிவுகளும் தளர்ந்த பின் தமிழர் பெரும்பாலோர் முகநூலில் குடியேறினர். 2004இல் தொடங்கிய முகநூல் 2006இல் எல்லார்க்கும் திறந்துவிடப்பட்டது. 2009இல் அதில் 'விருப்பம்' தெரிவிக்கும் பொத்தான் வந்தது. அச்சிறு பொத்தான் தமிழ்த் திறனாய்வுக்கு இழைத்த தீங்கு சிறிதன்று. முன்பு ஒரு கவிதையைப் பாராட்ட விரும்பியவர், ஏன் நன்று என ஒரு சொல்லேனும் சொல்ல வேண்டியிருந்தது. இப்போது விரல் நுனியால் தொட்டால் போதும். குறை கூற விரும்புபவருக்கோ பொத்தான் இல்லை, அவர் எழுதியே தீர வேண்டும், எழுதினால் பகை. ஆகவே பாராட்டு மலிந்தது, மதிப்பீடு அருகியது. நூறு விருப்பங்களைப் பெற்ற பிழையான வெண்பா, பிழையென அறியப்படாமலே நூலாகவும் வந்துவிடுகிறது.

மேலும், முகநூலின் அமைப்பு புதியதை மேலேற்றிப் பழையதைக் கீழே தள்ளுவது. மிகுந்த ஆரவாரத்தை எழுப்புவது மிகுதியாகக் காட்டப்படும். சென்ற ஆண்டு எழுதப்பட்ட நல்ல கட்டுரையைத் தேடி எடுப்பது வைக்கோற்போரில் ஊசி தேடுவதாகும். வாட்சப் குழுக்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. பள்ளிகளைப் பற்றியும் கோயில்களைப் பற்றியும் அங்கே நாள்தோறும் பகிரப்படும் செய்திகளைத் தேடுபொறி எட்டவே இயலாது. தொலைபேசி பழுதுபட்டால் அவையும் போயின.

கெடாவில் நிகழ்ந்ததொன்று இதனை விளக்கும். பூஜாங் பள்ளத்தாக்கில் குவாரிட்ச் வேல்ஸ் 1930களில் அகழ்ந்து எண்ணிட்டுக் குறித்த பழஞ்சின்னங்களுள், சுங்கை பத்து தோட்டத்திலிருந்த பதினோராம் எண்ணுடைய சண்டியும் ஒன்று. 2013இல் வீடமைப்பு வேலைக்காக அஃது இடித்துத் தள்ளப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் செய்தி வெளிப்பட்டதும் நாளேடுகளிலும் இணையத்திலும் பெருங்கண்டனம் எழுந்தது. கண்டனம் எழுந்தது நன்றே. ஆனால் ஆரவாரம் இடித்ததற்குப் பின்னரே எழுந்தது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அச்சின்னம் எங்கே உள்ளது, யார் அகழ்ந்தார், எவ்வளவு எஞ்சியது, நிலம் யாருடையது என்பவை எல்லாம் ஒரு பக்கத்தில் தமிழிலும் மலாயிலும் எழுதப்பட்டு, எவரும் காணத்தக்கதாய் முன்பே இருந்திருப்பின், காவலுக்கு அதுவும் ஒரு துணையாயிருக்கும். சினத்தைப் பகிர்வதற்கு முகநூல் ஏற்றது. அறிவைச் சேமிப்பதற்கு வேறோர் இடம் வேண்டும்.

திருத்தும் பக்கம்

அத்தகைய இடம் விக்கி. வார்டு கன்னிங்காம் 1995இல் அமைத்த இம்முறையில், ஒரு பக்கத்தைப் படிப்பவர் எவரும் திருத்தலாம். முன் இருந்த வடிவம் அழிவதில்லை. யார், எப்போது, எதை மாற்றினார் என்பது வரலாறாக அப்பக்கத்தோடேயே நிற்கும். ஏன் மாற்றினார் என வினவ உரையாடற்பக்கம் உண்டு. ஏட்டுச்சுவடிகளில் பாடவேறுபாடு கண்டு உழைத்த பதிப்பாசிரியரை இங்கு நினைத்தல் தகும். எப்பாடம் எக்காலத்தில், எவர் கையால் புகுந்தது என்றறிய அவர்கள் பட்ட பாடு கொஞ்சமன்று. விக்கியில் ஒவ்வொரு பாடவேறுபாடும் நாளும் பெயரும் இட்டே பிறக்கிறது.

தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. ஈழத்தவரான இ. மயூரநாதன் அதன் தொடக்கத்திலிருந்து இடையறாது எழுதினார். கனடாத் தமிழ் இலக்கியத் தோட்டம் 2015ஆம் ஆண்டின் இயல் விருதை அவருக்கு வழங்கியது. 2017இல் அக்கலைக்களஞ்சியம் நூறாயிரம் கட்டுரைகளை எட்டியது. எண்ணிக்கையைக் கண்டு மயங்குதல் கூடாது. 2009ஐ ஒட்டிய ஆண்டுகளில் கூகுள் நிறுவனம் கூலிக்கு மொழிபெயர்ப்பாளரை அமர்த்தி, ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழில் பெயர்த்து அதில் சேர்ப்பித்தது. நடை தமிழாயில்லை, பொருளும் தமிழர்க்கு உடனே வேண்டுவதாயில்லை. தன்னார்வலர் அதனை வாளா ஏற்கவில்லை. பிழைகளை எடுத்துக்காட்டினர், நெறிப்படுத்த முயன்றனர், 2010இல் உலக விக்கி மாநாட்டிலும் அக்குறைகளை எடுத்துரைத்தனர். ஒரு பெருநிறுவனத்தின் தமிழைச் சில தன்னார்வலர் திருத்த முற்பட்டது, அத்தளத்தின் அமைப்பு திருத்தத்திற்கு இடந்தந்தமையாலேயாம்.

எல்லாரும் திருத்தலாம் என்பதில் குறையும் உண்டு. அறியாதவர் அறிந்தவரைத் திருத்துவதும், பிடிவாதமுடையவர் வெல்வதும் அங்கே நிகழக்கூடும். இலக்கியப் பொருள்களில் இது மிகுதியாக உறுத்தும். இக்குறையை எண்ணியே எழுத்தாளர் ஜெயமோகன் முன்னின்று 2022இல் 'தமிழ் விக்கி' தொடங்கப்பெற்றது. அங்கே பதிவுகளை ஆசிரியர் குழு பார்வையிடும். மலேசிய எழுத்தாளர்களையும் தமிழ்ப்பள்ளிகளையும் பற்றிய பதிவுகள் பல அதில் உள. கெடாவின் லூனாசில் பிறந்த ம. நவீன் 2007இல் அச்சிதழாகத் தொடங்கி, 2009 முதல் இணையத்தில் நடத்திவரும் 'வல்லினம்' ஆசிரியரைக் கைவிடாத இணைய இதழுக்கு மற்றோர் எடுத்துக்காட்டு. ஆசிரியர் குழு உள்ள இடத்தில் தரம் காக்கப்படும். ஆயின் குழுவின் நோக்கு எல்லையாகவும் நின்றுவிடலாம். எல்லார்க்கும் திறந்த இடத்தில் எல்லை விரியும், தரம் தடுமாறலாம். இரண்டும் வேண்டும். ஒன்று கூறுவதை மற்றொன்றைக் கொண்டு சரிபார்க்கும் வாய்ப்பு, தமிழ் வாசகர்க்கு முன்னெப்போதும் கிட்டாத வாய்ப்பாகும்.

கெடாவின் தேவை

இனித் தோட்டங்களுக்கு வருவோம். மலாயா விடுதலை பெற்ற 1957இல் எண்ணூறுக்கு மேற்பட்டிருந்த தமிழ்ப்பள்ளிகள், பின்னர் ஐந்நூற்றுச் சொச்சமாகச் சுருங்கின. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதி வந்தது. பீடோங் வட்டாரத்தில் ஹார்வர்டு தோட்டப் பிரிவுகளின் பெயர் தாங்கிய பள்ளிகள் போல, தோட்டம் உருமாறிய பின்னும் பள்ளியின் பெயரில் மட்டும் பழைய தோட்டம் வாழும் இடங்கள் பல. தோட்டங்களுக்கு ஏட்டிலிருந்த ஆங்கிலப் பெயர் ஒன்று. உழைத்த தமிழர் வழங்கிய பெயர் வேறொன்று. பின்னதை அறிந்தோர் முதியோர் மட்டுமே. பிரட்டுக் களம், லயம், ஆயக்கொட்டகை, மங்கு முதலிய சொற்களும் அவர்களோடு போய்விடும். 1947இல் கெடாத் தோட்டங்களில் கள்ளுக்கடைகளை எதிர்த்து எழுந்த தொண்டர் படையை, அவ்வூர்ப் பிள்ளைகளுள் எத்தனை பேர் அறிவர்?

இங்கே ஒரு முட்டுப்பாடு உண்டு. விக்கிப்பீடியா அச்சான சான்று கேட்கும். தோட்டத்து வரலாறோ பெரும்பாலும் வாய்மொழியாகவே உள்ளது. சான்றில்லை என்று ஒரு தன்னார்வலர் பதிவை நீக்கினால், அவர்மேற் சினந்து பயனில்லை. வாய்மொழியை முதலில் அச்சேற்றுதல் வேண்டும். பள்ளிச் சிறப்பு மலர், கோயிற் குடமுழுக்கு மலர், நாளேட்டுக் கட்டுரை ஆகியவை சான்றாக அமையும். ஆகவே இணையம் வந்தபின் நாளேட்டிற்கு வேலையில்லை என்போர் கூற்று, தோட்ட வரலாற்றைப் பொறுத்தவரை தலைகீழாகிறது. நாளேட்டில் வந்ததே நாளை விக்கிக்கு அடிக்குறிப்பு. 1924இல் தோன்றிய 'தமிழ் நேசன்' 2019இல் நின்றுபோயிற்று. அச்சில் வந்தவற்றைத் தொகுத்துக் காக்கும் கடமை அதனால் மேலும் கனத்துள்ளது. இதற்கு முன்மாதிரியும் உண்டு. ஆசிரியராய்ப் பணியாற்றிய முரசு நெடுமாறன், 1887 முதல் 1987 வரையிலான மலேசியத் தமிழ்க் கவிதைகளைத் தேடித் திரட்டி 1997இல் களஞ்சியமாக்கினார். அவர் மைந்தரே மேலே கூறிய முத்து நெடுமாறன். தந்தை தொகுத்தார்; மைந்தர் தட்டச்சுக் கருவி தந்தார். தொகுத்ததைத் திருத்தமான பக்கமாக்கும் மூன்றாம் வேலையே எஞ்சி நிற்கிறது.

அவ்வேலைக்கு ஏற்றவர் தமிழாசிரியர். கூலிமிலும் பாடாங் செராயிலும் சுங்கை பட்டாணியிலும் ஒவ்வொரு பள்ளியும் தன் தோட்டத்தைப் பற்றி ஒரே ஒரு கட்டுரையை எடுத்துக்கொள்ளட்டும். பள்ளி தொடங்கிய ஆண்டு, இடம்பெயர்ந்த ஆண்டு, தோட்டத்தின் இரு பெயர்கள், அங்கு வழங்கிய சொற்கள் ஆகியவற்றை முதியோரிடம் மாணவர் கேட்டெழுதட்டும். அது மலரிலோ நாளேட்டிலோ வரட்டும்; பின்னர் விக்கியில் ஏறட்டும். வேறொருவர் வந்து ஆண்டு பிழை என்று திருத்தினால், மாணவர் முகம் சுளிக்காமல் உரையாடற்பக்கத்தில் சான்று காட்டி விடை கூறட்டும். சான்று இல்லையேல் ஏற்றுக்கொள்ளட்டும். கட்டுரைப் பயிற்சி, சொல்லாராய்ச்சி, வரலாறு, அவைப்பண்பு ஆகிய நான்கு பாடங்களும் ஒருங்கே கற்பிக்கப்படும்.

படிப்போர் கையில் எழுதுகோல் வந்துவிட்டது. அதனைப் பிடுங்க எவராலும் இயலாது, பிடுங்கவும் வேண்டா. திருத்துவாரை விரும்பி அழைக்கும் பக்கத்தில் அவ்வெழுதுகோல் ஓடுமாறு செய்தலே தமிழ் கற்பிப்போர் கடமை.